டாம் சாயரின் பூனையும் பாமாவின் பொட்டலமும்

1896-ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் கல்கத்தாவில் கப்பலேறிய மார்க் ட்வெய்ன், இலங்கை செல்லும் வழியில் சென்னையில் ஒரு நாள் நின்றார். பம்பாயைப் பற்றியும் காசியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியவர், மறு ஆண்டு வெளியான தம் பயண நூலில் சென்னைக்கு ஒதுக்கியது ஒரு வாக்கியத்தின் சிறு துண்டு மட்டுமே. சுமார் நூற்றிருபது ஆண்டுகள் கழித்துத் தமிழகம் அவருக்குப் பதில் மரியாதை செய்தது. 2018-இல் வந்த ஒன்பதாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலின் துணைப்பாடப் பகுதியில் 'டாம் சாயர்' நாவலிலிருந்து ஒரு துண்டு சேர்க்கப்பட்டது. போலி அத்தை கொடுக்கும் மருந்தைக் குடிக்கச் சகியாத டாம், அதை வீட்டுப் பூனைக்குப் புகட்டிவிடும் பகுதி அது. பாட்டியின் கையில் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தைக் கண்டதும் புழக்கடைக்கு ஓடிய தலைமுறைகள் மயிலாப்பூரில் உண்டு. அவர்களுக்கு அந்தப் பூனையின் கதையை விளக்க ஆசிரியர் அதிகம் சிரமப்பட வேண்டியிருந்திராது.

அமெரிக்க நாவல் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு வட்டாரத்துப் பள்ளிகளுக்குள் எப்படி நுழைந்தது என்ற கேள்வியை எங்கள் நண்பர் குழாமில் ஒருமுறை எழுப்பிக்கொண்டோம். தேடத் தேட வேறொன்று புலப்பட்டது. நாவல் என்ற முழு வடிவில் அது பள்ளிக்குள் அநேகமாக நுழையவேயில்லை. வாசலுக்கு வெளியே, நடைபாதை வரை வந்து நின்றுவிட்டது.

வகுப்பறை நெடுங்காலம் பிரிட்டிஷ்காரர்களின் வசம் இருந்தது. 'நான்-டீடெயில்' என்று மாணவர்கள் அழைத்த துணைப்பாட நூல் என்றால், டிக்கன்ஸையோ ஸ்காட்டையோ எலும்பும் தோலுமாகச் சுருக்கிய புத்தகம் என்றே பொருள். அமெரிக்காவின் பங்கு, இருபதாண்டு தூங்கி விழித்த ரிப் வான் விங்கிளும் ஓ. ஹென்றியின் கதைகள் சிலவும். எதிர்பாராத முடிவு கொண்ட சிறுகதை ஒரு பாடவேளைக்குள் கச்சிதமாக அடங்கிவிடும் என்பதைத் தவிர இதற்குப் பெரிய இலக்கியக் காரணம் எதுவும் இருந்ததாக நாங்கள் நினைக்கவில்லை.

பள்ளிக்கு வெளியே கதை வேறு. 1954-இல் அமெரிக்கா இயற்றிய பி.எல். 480 சட்டத்தின்கீழ் இந்தியாவுக்குக் கோதுமை வந்தது. அதற்கான விலையை இந்தியா ரூபாயில் செலுத்தியது. அந்த ரூபாயில் ஒரு பகுதி இந்தியாவிலேயே கல்விக்கும் நூல்களுக்கும் செலவிடப்பட்டது. மலிவு விலைப் பாடநூல்கள் வந்தன. 1964-இல் ஹைதராபாத்தில் அமெரிக்க ஆய்வு மையம் அமைந்தது. டெல்லி யூரேசியா பதிப்பகத்தின் தடித்த தொகைநூல்கள் ஆங்கில இலக்கியம் படித்த கல்லூரி மாணவர்களின் கைகளுக்கு வந்து சேர்ந்தன. ஜெமினி முனையிலிருந்த அமெரிக்க நூலகத்தின் குளிர்ந்த கூடத்தில் ஹெமிங்வேயையும் ஸ்டீன்பெக்கையும் ஃபாக்னரையும் கண்டடைந்தவர்கள் தென்சென்னையில் ஏராளம். அவர்களில் பலர் முதலில் போனது குளிர்பதன வசதிக்காகத்தான் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இந்த வரலாற்றின் மிக அழகான சாட்சி அசோகமித்திரன். 1952-இல் சென்னைக்கு வந்து ஜெமினி ஸ்டூடியோவில் சேர்ந்து 1966-இல் அதைவிட்டு விலகியவர். நெடுங்காலம் தியாகராய நகர்வாசி. 1973-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக எழுத்தாளர் பயிலரங்குக்குச் சென்று வந்து 'ஒற்றன்' எழுதியவர். ஜெமினி நாட்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நினைவுகளில் ஒரு காட்சி வருகிறது. ஆங்கிலக் கவிஞர் ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்து உரையாற்றுகிறார். அவர் யார், எதற்காக வந்தார், என்ன பேசினார் என்பது அங்கிருந்த எவருக்கும் விளங்கவில்லை. ஆண்டுகள் கழிந்து, வேலையில்லாமல் நிறைய நேரமும் குறைந்த பணமுமாக இருந்த நாட்களில், மவுண்ட் ரோடு தபால் நிலையத்துக்கு எதிர் நடைபாதையில் ஒரே புத்தகத்தின் புத்தம்புதிய பிரதிகள் குவியலாகக் கிடக்கின்றன. விலை ஐம்பது பைசா. ரஷ்யப் புரட்சியின் பொன்விழாவை ஒட்டி வெளியிடப்பட்ட அமெரிக்க மாணவர் பதிப்பு அது. கம்யூனிசத்தை நம்பி, பின்னர் நம்பிக்கை இழந்த ஆறு எழுத்தாளர்களின் கட்டுரைகள் கொண்ட 'தோற்றுப்போன கடவுள்'. அந்த ஆறு பேரில் ஒருவர் ஸ்டீஃபன் ஸ்பெண்டர். ஸ்டூடியோவுக்கு வந்த கவிஞர் ஏன் வந்தார் என்ற மர்மம் நடைபாதையில் அவிழ்கிறது.

புரட்சியின் பொன்விழா ஆண்டு 1967. ஸ்பெண்டர் இணையாசிரியராக இருந்த 'என்கவுண்டர்' இதழுக்கு அமெரிக்க உளவுத்துறையின் பணம் மறைமுகமாக வந்துகொண்டிருந்தது அம்பலமாகி, அவர் பதவி விலகியதும் அதே 1967-இல்தான். நடைபாதையில் ஐம்பது பைசாவுக்குக் கிடைத்த இலக்கியத்தின் உண்மையான விலை வேறெங்கோ செலுத்தப்பட்டிருந்தது. இதனால் அந்த வாசிப்பெல்லாம் மாசுபட்டதாகிவிடுமா என்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. ஆகாது என்பதே எங்களில் பெரும்பாலோரின் கருத்து. அனுப்பியவரின் கணக்குக்கு வாசகன் கட்டுப்படுவதில்லை. 1953-இல் மெக்கார்த்தியின் நெருக்கடியால் வெளிநாட்டு அமெரிக்க நூலகங்களிலிருந்து அகற்றப்பட்ட ஹோவர்ட் ஃபாஸ்டின் நாவல்களை இங்கே இடதுசாரி வாசகர்கள் தேடித்தேடிப் படித்தார்கள். அமெரிக்கா தர விரும்பிய அமெரிக்காவும் தர விரும்பாத அமெரிக்காவும் ஒரே நடைபாதையில் அக்கம்பக்கமாகக் கிடந்தன.

இனி வகுப்பறைக்குத் திரும்புவோம். 2007-இல் என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்ட பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில நூல்கள் இரண்டும், யாரும் கவனித்ததாகத் தெரியாத ஒரு விந்தையைச் செய்திருக்கின்றன. மேலே சொன்ன அசோகமித்திரனின் நினைவுக்குறிப்பு அவற்றுள் ஒரு பாடம். சம்பாரண் அவுரி விவசாயிகளைப் பற்றிய பாடத்தை எழுதியவர் லூயி ஃபிஷர் என்ற அமெரிக்கர். காந்தியின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். அவரும் அந்த நடைபாதைப் புத்தகத்தின் ஆறு பேரில் ஒருவர்! ஐம்பது பைசாப் புத்தகத்தில் இருந்தவரும் அதை வாங்கியவரும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரே பாடநூலில் சந்தித்துக்கொள்கிறார்கள். துணைநூலிலோ கல்கியின் புலிராஜா, பெர்ல் பக்கின் ஜப்பானிய மருத்துவர், ஜான் அப்டைக் ஆகியோர் ஒன்றாக அமர்ந்திருந்தனர். (அப்டைக்கின் கதையைப் பிற்காலப் பாடக்குறைப்பு கொண்டுபோய்விட்டது.)

நாவலுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. 2010-களின் முற்பாதியில் மத்திய வாரியம் நெடும்வாசிப்பு நூல்களைப் புகுத்தியபோது, பதினொன்றாம் வகுப்புக்கு ஆஸ்கார் வைல்டின் பேய்க்கதை ஒன்றும் புக்கர் டி. வாஷிங்டனின் 'அடிமைத்தளையிலிருந்து' என்ற 1901-ஆம் ஆண்டுத் தன்வரலாறும் குறிக்கப்பட்டன. வாஷிங்டனின் நூல் நாவல் அல்லதான். ஆயினும் அடிமையாய்ப் பிறந்தவனின் முழு வாழ்க்கை, சுருக்கப்படாமல், சென்னை மாணவனின் மேசைக்கு வந்திருக்கக்கூடிய வாய்ப்பு அது. சில ஆண்டுகளில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

எஞ்சியது ஒரு பாடம். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே. அந்தத் துணைநூலின் கடைசிப் பாடம் இரு பெண்களின் பால்ய நினைவுகளை அடுத்தடுத்து வைக்கிறது. முதலாமவர் யாங்க்டன் டகோட்டா பழங்குடியைச் சேர்ந்த ஸிட்கலா-ஷா. உறைவிடப் பள்ளியில் தம் நீண்ட கூந்தல் பலவந்தமாக வெட்டப்பட்டதை 1900-இல் எழுதியவர். (டாம் சாயர் அச்சேறிய 1876-இல்தான் அவர் பிறந்தார்.) இரண்டாமவர் 'கருக்கு' எழுதிய பாமா. தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கை படாமல் நூலில் தொங்கவிட்டுக்கொண்டு வருகிறார். சிறுமி பாமாவுக்குச் சிரிப்பு வருகிறது. பண்ணையாருக்கான பொட்டலம் அது. தொட்டால் தீட்டு என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பு நின்றுவிடுகிறது.

எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் அடையாறில் ஒரு பள்ளியில் இந்தப் பாடத்தை நடத்துகிறார். ஸிட்கலா-ஷாவின் பகுதியில் வகுப்பு முழுவதும் கொதிக்கும் என்கிறார்; எல்லோரும் அந்தச் சிறுமியின் பக்கம். பாமாவின் பகுதிக்கு வந்ததும் குரல்கள் தணியும். "அதெல்லாம் அந்தக் காலம், மேம்" என்று எவனாவது சொல்வான். வேறு சிலர் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார்கள். யார் ஏன் நிமிரவில்லை என்று தாம் கேட்பதில்லை என்றார். கேட்காமலிருப்பது மரியாதையா கோழைத்தனமா என்பது அவருக்கே தெளிவில்லை. அவர் பள்ளியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆல்காட் நினைவுப் பள்ளி இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றி, லிங்கன் கொலையை விசாரித்த குழுவிலும் இருந்த கர்னல் ஆல்காட், 1894-இல் அன்று பஞ்சமர் எனப்பட்டோரின் குழந்தைகளுக்காகத் தொடங்கியது. அமெரிக்கா இந்த வட்டாரத்துக்கு நாவலாக வருவதற்கு முன்பே பள்ளிக்கூடமாக வந்திருந்தது. அந்த வகுப்பில் பெரும்பாலோருக்கு இது தெரியாது. அதே சாலையில் தினமும் போய்வருகிறார்கள்.

தூரத்து அநீதி பாடமாக இருக்கலாம், பக்கத்து அநீதி சங்கடம் என்பது சிறுவர்களோடு நின்றுவிடும் மனநிலை அல்ல. 2021-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இலக்கியப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் நீக்கியது. அமெரிக்கர்களுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. 2011-இல் ஒரு பதிப்பகம் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் கறுப்பரை இழிவுபடுத்தும் சொல்லை 219 இடங்களில் நீக்கி 'அடிமை' என்று மாற்றி அச்சிட்டது. வகுப்பில் வாசிக்க வசதியாக என்பது காரணம்.

நம் ஆசிரியை நண்பர் சனிக்கிழமைகளில், விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும், அந்த நாவலின் முப்பத்தோராம் அத்தியாயத்தை மாற்றாமல் வாசித்துக்காட்டுகிறார். தப்பியோடிய அடிமையான ஜிம் இருக்குமிடத்தை அவனுடைய எஜமானிக்குத் தெரிவித்து ஹக் கடிதம் எழுதுகிறான். அனுப்பாவிட்டால் தனக்கு நரகம் நிச்சயம் என்று மெய்யாகவே நம்புகிறான். பிறகு நரகமே வாய்க்கட்டும் என்று துணிந்து கிழித்துப் போடுகிறான். சென்ற ஆண்டு வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களில் ஒரு பெண் அத்தியாயத்தோடு நிறுத்தாமல் நாவலையே முடித்துவிட்டு மறுவாரம் வந்தாள். எஜமானி இறந்துபோய் ஜிம்முக்கு உயிலில் விடுதலை எழுதியிருந்தாள். அது டாம் சாயருக்கு முன்பே தெரியும். விளையாட்டு கெட்டுவிடும் என்று அவன் சொல்லாமலிருந்தான். பூனைக்கு மருந்து புகட்டிய அதே டாம். "எல்லாரும் டாமைத்தான் பாடத்தில வைக்கிறாங்க, ஏன் மேம்?" என்று அவள் கேட்டாளாம்.