ஈழத்து அரசன் வியந்த வெள்ளிக்காசு

மிஷன் பாடசாலையிற் படித்த எம்போன்றோர்க்கு உரோமாபுரிச் சக்கரவர்த்திகள் அந்நியரல்லர். அகுஸ்துராயன், திபேரியுராயன் என்னும் பெயர்களை வேதாகம வகுப்பிலே சிறுவயதில் ஒப்புவித்திருக்கின்றோம். அங்கே படித்த வரிக்காசுக் கதையில் வருவது திபேரியுவின் வெள்ளிக்காசாகிய தெனாரியம் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆனால் அக்காசு தமிழ்நாட்டு மண்ணிற் குவியல் குவியலாகக் கிடைத்ததென்பதையோ, ஈழத்து அரசன் ஒருவன் உரோமரின் வெள்ளிக்காசுகளைப் பார்த்து வியந்தான் என்பதையோ எமக்கு எவரும் சொல்லித்தரவில்லை.

அரசன் வியந்த செய்தியைச் சொல்பவர் பிளினி என்னும் உரோம நூலாசிரியர், கி.பி. 77ஆம் ஆண்டளவில் எழுதியவர். செங்கடற் பகுதியில் வரி தண்டும் குத்தகையைப் பெற்றிருந்த அன்னியுஸ் பிளோகாமுஸ் என்பவரின் ஆள் ஒருவன், அராபியாவைச் சுற்றிக் கப்பலிற் செல்லும்போது காற்றால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் இலங்கையில் ஹிப்புரோஸ் என்னும் துறையை அடைந்தான். அத்துறை மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலை என்பது பழைய ஊகம். கிரேக்கத்தில் 'ஹிப்போஸ்' என்றால் குதிரை என்பதே அதற்குப் பிடி. அவன் ஆறு மாதம் அரசனின் விருந்தினனாக இருந்து எம் நாட்டு மொழியையும் கற்றுக்கொண்டானாம். அவனிடமிருந்த தெனாரியங்களை அரசன் பார்த்தான். பொறித்திருந்த முகங்களோ வேறுவேறு. ஆகவே அடித்தவர்களும் வேறுவேறு. எடை மட்டும் ஒன்றே. இத்தகைய மக்கள் நேர்மையுடையவராதல் வேண்டும் என எண்ணி, குளோடியஸ் சக்கரவர்த்தியிடம் நான்கு தூதுவரை அனுப்பினான்.

இது உரோமர் தம்மைத் தாமே புகழ்ந்துகொண்ட கதையன்றோ எனச் சிலர் கேட்கலாம். ஓரளவு அப்படித்தான். ஆறாம் நூற்றாண்டிலே கொஸ்மாஸ் என்பவரும் இதேபோல் ஒன்று எழுதியுள்ளார். அதில் இலங்கை அரசன் உரோமப் பொற்காசையும் பாரசீக வெள்ளிக்காசையும் ஒப்பிட்டு உரோமரையே மேலாக மதிக்கின்றான். ஆயினும் பிளினியின் கதையை வெறுங்கதை என்று தள்ளிவிட முடியாது. எகிப்தின் கீழைப் பாலைவனத்தில், செங்கடலுக்குச் செல்லும் வழியிலே, பிளோகாமுஸின் ஆள் லைசாஸ் என்பவன் கி.பி. 6இல் பாறையொன்றிற் பெயர் பொறித்திருக்கின்றான். அது 1953இல் ஆராய்ச்சி ஏடொன்றில் வெளிவந்தது. பிளோகாமுஸ் கற்பனை மனிதரல்லர். எடைபற்றிய செய்தியும் பொருந்துகின்றது. அகுஸ்து காலந்தொட்டு ஒரு தெனாரியம் நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தது, கி.பி. 64இல் நீரோதான் ஓர் இறாத்தலுக்கு 84 காசு என்றிருந்ததை 96 ஆக்கி எடையைக் குறைத்தான். தூது போனதோ அதற்கு முன்னர்.

அரசனுக்கு இந்த எடைப் புத்தி எங்கிருந்து வந்தது? அக்காலத்தில் எம் நாட்டிலும் வெள்ளிக்காசு வழங்கியது. பல முத்திரைகள் குத்தப்பட்ட அக்காசு பிராமிச் சாசனங்களிலே 'கஹாபண' எனப் பெயர் பெறுகின்றது. அதற்கு மதிப்பு வெள்ளியின் எடையிலே. தராசுக்குப் பழகிய கண்ணே தெனாரியத்தையும் பார்த்தது என்பது என் எண்ணம்.

தமிழ்நாட்டிற் கரூர், பொள்ளாச்சி, வெள்ளலூர் முதலிய கொங்குநாட்டு ஊர்களிலே தெனாரியங்கள் அகப்பட்டன. முசிறியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்த யவனர் வாணிகமே அதற்குக் காரணம். அவற்றிற் பெரும்பாலன இரு வகை. ஒன்றில் அகுஸ்துவின் பேரர் இருவர் கேடயமும் ஈட்டியுங் கொண்டு நிற்பர். மற்றதில், திபேரியுவின் தலைக்குப் பின்புறத்தே, ஒரு பெண் செங்கோலுடன் வீற்றிருப்பாள்.

ஈழத்திலோ நிலைமை தலைகீழ். முற்கால வெள்ளிக்காசு இங்கு மிக அரிது. ஆயிரக்கணக்கிற் கிடைப்பவை நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு செப்புக்காசுகளும், அவற்றைப் பார்த்து இங்கேயே செய்யப்பட்ட போலிகளுமாம். கொட்றிங்ரன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலும் இவை இடம்பெற்றுள்ளன. அரசன் வியந்த வெள்ளி எங்கே போயிற்று? உருக்கி நகையாக்கப்பட்டிருக்கலாம், உருக்கிய வெள்ளிக்கு முகம் இல்லை.

நானும் ஒருமுறை அரசனைப்போல் நிறுத்துப் பார்த்தேன். புறக்கோட்டையில் ஒருவர் 'மன்னாரில் எடுத்தது' என்று சொல்லித் தெனாரியம் ஒன்றை விற்றார். செட்டியார் தெருத் தட்டார் ஒருவர் அதைத் தராசிலிட்டார்; ஐந்து கிராமுக்கு மேல். விளிம்பைத் தடவி, வார்ப்புத் தையலையுங் காட்டிச் சிரித்தார். கொட்டாஞ்சேனைக்கு வெட்கத்தோடு நடந்தேன்.

அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. வெள்ளவத்தையிலே ஒரு பெரியவர் மன்னார்ப் பகுதிச் செப்புக்காசுகளை பிஸ்கற் தகரத்திற் சேர்த்து வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, எந்த ஊர், எந்த வயல், கிணறு வெட்டும்போதா உழும்போதா என அப்பியாசக் கொப்பியில் எழுதியிருந்தார். அவர் காலமானபின் வீட்டார், பழஞ்செம்பென்று தகரத்தோடு கொடுத்துவிட்டனர். கொப்பியை மட்டும் நான் கேட்டு வாங்கினேன். முதற்பக்கத்தில் 'இல. 1, மாதோட்டம், மழைக்குப் பின், மேற்பரப்பில்' என்றிருக்கின்றது. இலக்கம் 212 வரை போகின்றது. இச்சங்கத்தாரின் வீடுகளிலும் இப்படித் தகரங்கள் இருக்கக்கூடும். இருந்தால், அரும்பொருட்சாலைக்குக் காட்டுமுன் எவருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எங்கே கிடைத்தது என்பதை இன்றிரவே பாட்டனாரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.