மார்த்தா

மார்த்தா வியேரா ட சில்வா (பிறப்பு: 19 பிப்ரவரி 1986) பிரேசில் கால்பந்து அணியின் முன்கள வீராங்கனை, இடக்கால் ஆட்டக்காரர். பெண்கள் கால்பந்து ஆடுவதற்கு 1979 வரை தடை இருந்த நாட்டில், அலகோவாஸ் மாநிலச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர்.

2004இல் சுவீடனின் உமியோ கழகத்தில் சேர்ந்து, அதே ஆண்டில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். உலகின் சிறந்த வீராங்கனைக்கான ஃபிஃபா விருதை 2006 முதல் 2010 வரை தொடர்ந்து ஐந்து முறையும் 2018இல் ஆறாம் முறையும் பெற்றார். ஆறு உலகக் கோப்பைகளில் ஆடி 17 கோல்கள் அடித்தார்; ஆண்கள் உலகக் கோப்பைகளில் ஜெர்மனியின் குளோசே அடித்தவையே 16தான். 2007 போட்டி அவரது உச்சம்: 7 கோல்கள், தங்கப் பந்து, தங்கக் காலணி. ஆனால் ஜெர்மனிக்கு எதிரான இறுதியாட்டத்தில் அவர் உதைத்த பெனால்டி தடுக்கப்பட்டது; பிரேசில் 0–2 எனத் தோற்றது.

ஒலிம்பிக்கில் மூன்று வெள்ளி (2004, 2008, 2024). ஒர்லாண்டோ பிரைட் அணியுடன் 2024இல் அமெரிக்க லீக் பட்டமும் வென்றார்.