1818-ன்னு போட்ட காசும் மயில் கழுத்து நிறமும்

இன்னைக்கு எபிசோட் என் சித்தப்பா கொண்டுவந்த ஒரு காசிலிருந்து தொடங்குது.

அவர் ஓசூர் சிப்காட்ல ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்ச்சீப்பில் சுற்றி ஒரு செம்புக் காசைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் ‘கிழக்கிந்தியக் கம்பெனி, அரை அணா, 1818’. விளிம்பிலிருந்து உள்ளே மஞ்சள், ஊதா, நீலம்னு மயில் கழுத்து மாதிரி நிறம்.

“இந்தக் கலர் வர இருநூறு வருஷம் ஆகுமாம்டா. அரிசியை இழுக்குமாம். நாளைக்கு ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கொடுக்கணும்”னார். அது தங்கச்சியோட காலேஜ் ஃபீஸுக்கு எடுத்து வெச்ச பணம்.

முதல்ல தேதியைப் பார்ப்போம். கிருஷ்ணகிரி இருக்கிற பாராமகால் 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கம்பெனி கைக்கு வந்தது. ஓசூர், 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகு. அப்போ மெட்ராஸ் கணக்கே வேற: ஒரு வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818-லதான் மெட்ராஸ் வராகனை விட்டு வெள்ளி ரூபாய்க்கு மாறுது.

கம்பெனி சாமி உருவம் போட்டதே இல்லையா? போட்டிருக்கு. மெட்ராஸ் வராகன்ல ஒரு பக்கம் கோபுரம், மறுபக்கம் விஷ்ணு. ஆனால் ராமர் பட்டாபிஷேகத்தோட ஒரு அணாவைக் கம்பெனி எந்தக் காலத்திலும் அடிச்சதில்லை. 1835-க்குப் பிறகு வந்த அரை அணாவில் இருப்பது கம்பெனியோட சின்னம்தான்.

அப்போ இது என்ன? ராமடங்கா வகையைச் சேர்ந்த தனியார் அடிச்ச வில்லை. கோயில் வாசல்ல பக்தர்கள் வாங்கி பூஜை அறையில் வைப்பாங்க. அதில் தப்பே இல்லை. பிற்காலத்தில் யாரோ கம்பெனி பேரையும் பழைய வருஷத்தையும் சேர்த்தாங்க. வயசு தெரியணும்னு நிறத்தையும் ஏத்தினாங்க.

நிறம் எப்படி வருது? செம்பையோ வெள்ளியையோ சூடாக்கினாலோ, கந்தகம் பட்டாலோ, மேலே ஒரு மெல்லிய படலம் உருவாகும். படலத்தின் மேல்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும், அடிப்புறம் பட்டுத் திரும்பும் ஒளியும் கலக்கும்போது சில நிறங்கள் அடங்கும், சில தூக்கலாகத் தெரியும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். சோப்புக் குமிழியில் நடக்கிறதும் இதுதான். பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்தாலும் இந்த நிறம் வரும். பட்டறையில் சில நிமிஷத்திலும் வரும்.

மறுபக்கமும் உண்டு. 1808-ல் பர்மிங்காமில் அடிச்ச கம்பெனிச் செம்புக் காசுகளோட மெட்ராஸுக்குக் கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. 1980-களில் மேலே எடுத்தப்போ, அதில் சில காசுகள் கிட்டத்தட்ட புதுசு மாதிரி இருந்தன. அசல் பழசு பளபளன்னும் இருக்கலாம், நேத்து அடிச்சது மயில் நிறத்திலும் இருக்கலாம்.

இதையெல்லாம் சொன்னப்போ சித்தப்பா பேசல. எழுந்து வாசலுக்குப் போய் என் பைக் சைலன்ஸர் பைப்பைக் குனிஞ்சு பார்த்தார். இன்ஜின் பக்கம் சூடு பட்ட இடத்தில் அதே மஞ்சள், ஊதா, நீலம்.

“எங்க ஷாப்ல வெல்டிங் ஓரத்துல தினமும் பார்க்கிறேனேடா”ன்னார். “அப்போ அரிசி?”

“செம்பு எதையும் இழுக்காது சித்தப்பா. அரிசியில் இரும்புத் தூள், அடியில் காந்தம்.”

மறுநாள் காசைத் திருப்பிக் கொடுத்துட்டார். முன்னாடியே கொடுத்திருந்த ரெண்டாயிரம் மட்டும் திரும்ப வரல.

உங்க வீட்டு பூஜை அறையிலும் இப்படி ஒரு காசு இருக்கலாம். அது அங்கேயே இருக்கட்டும். யாராவது அதுக்கு அட்வான்ஸ் கேட்டால், நிறத்தை விடுங்க, வருஷத்தைப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.