இதய வால்வு உலோகம் ரத்தத்தில் அரிக்கப்படாதது எப்படி?

திருவனந்தபுரம்: இங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு, 1990-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் தேதி முதன்முறையாக நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நிறுவனத்தின் முதல் இயக்குநர் மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்த வால்வு உருவானது.

ரத்தம் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமுடைய உப்புக் கரைசல் போன்றது. அதிலுள்ள குளோரைடு அயனிகள் உலோகத்தை அரிக்கக்கூடியவை. இதயம் நிமிடத்துக்கு 70 முறை துடித்தால், வால்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூட வேண்டும்.

தொடக்க வடிவங்களில் டைட்டானியம் பயன்படுத்தப்பட்டது. அரிமானத்தைத் தாங்குவதில் அது சிறந்த உலோகமே. ஆனால் கடினமான நீலக்கல் வட்டு உரசியதில் தேய்ந்தது. அரிமானத் தடுப்பு மட்டும் போதாது என்பது அப்போதே தெளிவானது. இறுதியில், 'ஹெய்ன்ஸ்-25' என்ற கோபால்ட் உலோகக் கலவையில் சட்டமும், மிகை மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வட்டும் அமைந்தன.

இக்கலவையில் குரோமியம் சுமார் 20 சதவீதம் உள்ளது. அது ஆக்சிஜனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலமாக உலோகத்தை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானே மீண்டும் உருவாகும். இதுவே 'பாசிவேஷன்' எனப்படும் செயலறு நிலை. அடர் நைட்ரிக் அமிலத்தில் இரும்பு கரையாமல் நிற்பதை ஆராய்ந்த ஷோன்பைன், 1836-இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார்.

பொதுவாக மருத்துவ உலோகங்களில் இப்படலம் தானாக உருவாகும்வரை காத்திருப்பதில்லை. உலோகத்தை நைட்ரிக் அமிலத்தில் அமிழ்த்தலாம். அல்லது மின்பகுளியில் நேர்மின்வாயாக இணைத்து மின்னழுத்தத்தை உயர்த்தலாம். இரண்டாவது முறையில் மின்னோட்டம் முதலில் ஏறும். அதாவது உலோகம் கரைகிறது. பின்னர் திடீரெனச் சரியும். அந்தச் சரிவே படலம் மூடிக்கொண்டதற்கு அடையாளம். ஆனால் மின்னழுத்தம் வரம்பைத் தாண்டினால் குளோரைடு படலத்தைத் துளைத்து, கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும். அரிமானத்தில் மிக ஆபத்தானது இதுவே. எடை குறையாமலேயே உலோகம் விரிசல் விடலாம்.

எனவே உடலில் பொருத்தும் சிறு கருவிகளை உப்புக் கரைசலில் வைத்து, எந்த மின்னழுத்தத்தில் படலம் உடைகிறது எனச் சோதிக்கின்றனர். அந்த அளவு எவ்வளவு உயர்வாக இருக்கிறதோ, நிக்கல், கோபால்ட் அயனிகள் ரத்தத்தில் கசியும் வாய்ப்பு அவ்வளவு குறைவு.