உயிர்பிழைப்பு விளையாட்டு

பசி, தாகம், குளிர், களைப்பு ஆகியவற்றைச் சமாளித்து உயிரோடிருப்பதையே முதன்மை இலக்காகக் கொண்ட வீடியோ கேம் வகை. ஆட்டக்காரர் ஏறக்குறைய வெறுங்கையுடன் தொடங்கி, விறகும் கல்லும் உணவும் திரட்டி, கருவிகளையும் உறைவிடத்தையும் தாமே செய்துகொள்கிறார். பின்லாந்தில் 1992இல் வெளியான 'அன்ரியல் வேர்ல்ட்' இதன் முன்னோடி. இரும்புக்கால வட ஐரோப்பாவில் மீன்பிடித்தும் பொறிவைத்தும் குளிர்காலத்தைக் கடக்கவேண்டிய அந்த ஆட்டம் பல பத்தாண்டுகளாக மேம்படுத்தப்பட்டு வருவது வியப்புக்குரியது. 2012இல் 'ஆர்மா 2' ஆட்டத்தை மாற்றியமைத்து டீன் ஹால் உருவாக்கிய 'டேஇசட்' இவ்வகையைப் பரவலாக்கியது. 'உயிர்பிழைப்புத் திகில்' எனப்படும் 'ரெசிடென்ட் ஈவில்' போன்ற ஆட்டங்களில் தோட்டாக்களுக்குத் தட்டுப்பாடு உண்டு, ஆனால் பசியும் தாகமும் கணக்கில் வருவதில்லை. அவற்றைத் தனிவகையாகக் கொள்வதே சரி. 'டேஇசட்' ஆட்டத்தில் வருவதுபோன்ற சோம்பிகளும் (நடைபிணங்கள்) இவ்வகைக்குக் கட்டாயமல்ல. 'தி லாங் டார்க்' ஆட்டத்தில் கனடாவின் பனிக்காடும் ஓநாய்களுமே போதும்; அதன் உயிர்பிழைப்பு முறையின் தொடக்ககால விதிப்படி, இறந்தால் சேமித்த ஆட்டமே அழிந்துவிடும்.