லுஷ்னிக்கி படிக்கட்டு

உதைபந்தாட்டம் என்றதும் என் நினைவில் எழுவது கல்முனைச் சந்தாங்கேணி மைதானந்தான். கோட்டோரம் நின்று, வெளியே உருளும் பந்தை ஓடிப் பொறுக்கிக் கொடுத்து வளர்ந்தவன் நான். பெரிய அரங்கொன்றில் நுழைவுச்சீட்டு வாங்கி அமர்ந்து ஆட்டம் பார்க்கும் பேறு மொஸ்கோவில் வாய்த்தது. புலமைப்பரிசில் பெற்று, பட்ரிஸ் லுமும்பா பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொண்டிருந்த காலம் அது.

1982 ஒக்டோபர் 20. யூஃபா கிண்ணத்துக்காக மொஸ்கோ ஸ்பார்ட்டக் அணியும் நெதர்லாந்தின் ஹார்லெம் அணியும் மோதின. லுஷ்னிக்கியிலிருந்த அந்த அரங்கு அப்போது லெனின் பெயரால் வழங்கியது. 80 ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அங்கே அன்று சுமார் 16 ஆயிரம் பேரே கூடியிருந்தோம். கடுங்குளிர், பனி. ஸ்பார்ட்டக் முதற்பாதியிலேயே ஒரு கோல் போட்டுவிட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கையில், என்னோடு வந்த ஆபிரிக்க மாணவர் குளிர் தாங்காமல் எழுந்தார், நானும் எழுந்தேன். கிழக்குப் பக்கத்திலிருந்து சுரங்க ரயில் நிலையத்தை நோக்கி இறங்கும் படிக்கட்டில் மிதிபட்ட பனி கண்ணாடிபோல் இறுகியிருந்தது. கைப்பிடியைப் பற்றியபடி இறங்கினோம்.

கடைசி நொடிகளில் ஷ்வெட்சோவ் இரண்டாவது கோலைப் போட்டார் என்பதை விடுதிக்கு வந்த பிறகே அறிந்தேன். அதைத் தவறவிட்டோமே என்று அன்றிரவு முழுவதும் புலம்பினேன்.

அதே படிக்கட்டில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து நசுங்கி, மூச்சுத்திணறி 66 பேர் இறந்திருந்தார்கள். அவர்களில் 45 பேர் பதின்ம வயதினர். இரண்டாவது கோலின் ஆரவாரம் கேட்டு இறங்கியவர்கள் திரும்பி ஏறியதே காரணம் என்று பின்னாளில் ஒரு கதை பரவியது. விசாரித்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஆனாலும் அந்தக் கோலைப் போடாமலே இருந்திருக்கலாம் என்று ஷ்வெட்சோவ் வருந்தினார்.

மறுநாள் 'வெச்சேர்னயா மொஸ்க்வா' மாலைப் பத்திரிகையில் சில வரிச் செய்தி வந்தது. பார்வையாளர் வெளியேறுகையில் ஒழுங்கு மீறப்பட்டதால் விபத்து, காயமடைந்தோர் உள்ளனர், விசாரணை நடக்கிறது. அவ்வளவே! இறந்தோர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பழி மட்டும் கூட்டத்தின் மேல். நானும் அதைப் படித்தேன். யாரோ வழுக்கி விழுந்திருப்பார்கள் என்று எண்ணிப் பக்கத்தைத் திருப்பினேன். மூன்று வாரத்தில் பிரெஷ்னெவ் மறைந்தார். அந்த ஒரு மரணத்துக்குப் பத்திரிகைகளில் எத்தனை பக்கங்கள்!

உண்மை வெளிவர 1989 ஆயிற்று. அவ்வாண்டு 'சொவியத்ஸ்கி ஸ்போர்ட்' சுமார் 340 பேர் இறந்ததாக எழுதியது. ஹார்லெம் வீரர்களும் அப்போதுதான் அறிந்தார்கள். வழக்கு ஆவணங்களின் கணக்கோ 66. ஏழாண்டு மூடிவைத்தவர்கள் சொன்ன எண் என்பதால் பலர் அதை நம்ப மறுத்தனர். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. செய்தி மேசையில் அமர்ந்திருந்த நான், அந்தக் கைப்பிடியின் குளிரை ஏழாண்டுக்குப் பின் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் கரையை விழுங்கியது. இலங்கையில் மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டமே. எண்ணிக்கையை உடனே அனுப்பு என்று கொழும்பிலிருந்து நச்சரித்தார்கள். மருதமுனையிலும் சாய்ந்தமருதுவிலும் வீடிருந்த இடங்களில் நின்றவர்களிடம் பெயர், வயது, வாப்பாவின் பெயர் என்று கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தேன். செய்தி தாமதமாகிறது என்று திட்டு வாங்கினேன்.

2018 ஜூலை 15, உலகக் கிண்ண இறுதியாட்டம், பிரான்சும் குரோசியாவும். கல்முனையில் வீட்டுத் தொலைக்காட்சியின் முன் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே லுஷ்னிக்கி, உள்ளே முற்றிலும் மாற்றிக் கட்டிவிட்டார்கள். எந்தப் பக்கம் கிழக்கு என்று நான் திரையில் தேடிக்கொண்டிருந்தேன்.