திருச்சி - சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? எத்தனை மணி நேரம்? கடிகார கணக்கில் கோட்டை விடாதீங்க!

திருச்சியில் இருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம், வான்வழியில் நேர்கோடாக அளந்தால் சுமார் 2 ஆயிரத்து 980 கிலோ மீட்டர். நேரடி விமானத்தில் பயண நேரம் ஏறக்குறைய 4 மணி. இங்கிருந்து சென்னைக்கு பஸ்சில் போகவே 6 மணி நேரம் ஆகிறது. அதற்குள் கடல் தாண்டி இறங்கிவிடலாம்.

விமானம் நடுவானில் மணிக்கு 800 கி.மீட்டருக்கு மேல் வேகத்தில் பறக்கும். அந்த கணக்குப்படி பார்த்தால் மூன்றரை மணி நேரம் போதும். மேலே ஏறுவது, இறங்குவது, ஓடுபாதைக்கு காத்திருப்பது என்று மீதி அரை மணி போய்விடும்.

காற்றும் கணக்கை மாற்றும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியா மேலே, விமானம் பறக்கிற உயரத்தில், கிழக்கில் இருந்து மேற்காக பலமான காற்று வீசும். அந்த மாதங்களில் போகும்போது எதிர்காற்று. வரும்போது அதே காற்று பின்னாடி இருந்து தள்ளும்.

இரண்டரை மணி குழப்பம்

சரி, நம்ம ஆளுங்க குழம்புவது எங்கே என்றால் கடிகாரத்தில்தான். சிங்கப்பூர் நேரம் நம்மை விட இரண்டரை மணி முந்தியது. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். இங்கே இரவு 1 மணிக்கு ஏறினால் அங்கே இறங்கும்போது காலை 7.30. "ஆறரை மணி நேரமா?" என்று பயப்பட வேண்டாம். திரும்பி வரும்போது அங்கே இரவு 8 மணிக்கு கிளம்பினால் இங்கே 9.30-க்கு வந்துவிடும். அழைத்துப்போக வருகிற சொந்தக்காரர்களுக்கு இறங்குகிற ஊர் நேரத்தை சொன்னால் போதும்.

பழைய ஆட்கள் "ரெண்டு மணி நேரம்தானே வித்தியாசம்" என்பார்கள். அதுவும் ஒரு காலத்தில் சரிதான். 1982 ஜனவரி 1-ந்தேதி சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தியது. அதற்கு முன்பு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி போனவர்கள் உண்டு. அது நாள் கணக்கில் பயணம். 'சிதம்பரம்' கப்பல் 1985-ல் தீப்பிடித்த பிறகு அந்த போக்குவரத்து நின்றுபோனது.

இன்னொரு விஷயம், இதில்தான் பணமே போகும். டிக்கெட்டில் 15-ந்தேதி 00.45 என்று இருந்தால், 14-ந்தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15-ந்தேதி சாப்பிட்டு விட்டு ராத்திரி கிளம்பி வந்தால் விமானம் ஒரு நாள் முன்பே போயிருக்கும். 3 மணி நேரம் முன்னாடி வருவது நல்லது. 2024 ஜூன் மாதம் முதல் புதிய முனையத்தில்தான் விமானம் ஏற வேண்டும்.

கொழும்பு, கோலாலம்பூர் வழியாகவும் போகலாம். சில நேரம் டிக்கெட் மலிவாக கிடைக்கும். ஆனால் இடையில் காத்திருப்பு சேர்ந்து அரை நாள் கூட ஆகலாம். கைக்குழந்தை, வயதானவர்கள் இருந்தால் நேரடி விமானமே மேல்.

விசா தவிர, இறங்குவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை ஆன்லைனில் பதிய வேண்டும். அதற்கு கட்டணம் கிடையாது. காசு கேட்டால் அது அந்த நாட்டு அரசின் இணையதளம் இல்லை.